பாட்டிலில் ஒரு சிவப்புக் கோடு

சனிக்கிழமை மதியம் டிரேவர் அந்தப் பாட்டிலை ஈரத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் நிமிர்த்தி வைத்து, ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கும் நடுவே அணைத்தபடி பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தான். மனைவி பவுலின் கதவைத் திறந்தாள். பையை வாங்குகிற சாக்கில் அவன் முகத்தருகே சாய்ந்து மூச்சை இழுத்தாள். மூன்று வருடமாக நடப்பதுதான். அவனும் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அதற்காகவே ஒரு நொடி நிற்பான். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று வாடை இருந்தது.

"என்னாங்க இது?"

"டேஸ்டிங் இருந்துச்சு. ப்ரஹ்லாத் சார், வீணா மேடம், நானு. பாட்டிலத் தொறந்து மூணு பேரும் பார்த்தோம். நான் துப்பிட்டேன்."

"துப்பினா வாடை வருமா?"

"வாய்க்குள்ள போனது வாடை அடிக்கத்தான் செய்யும். என் வாய் என்ன வாஷ்பேசினா, தண்ணி விட்டாப் போறதுக்கு?"

பவுலின் சிரிக்கவில்லை.

ஒரு காலத்தில் டிரேவர் பெரிய ஹோட்டல் ஒன்றில் பார் கேப்டன். விற்றதைவிடக் குடித்தது அதிகம் என்று வெளியே அனுப்பினார்கள். பிறகு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு எடுத்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து பொருத்தனை செய்தார்கள். இனி ஒரு சொட்டும் விழுங்குவதில்லை என்பது அவனுடையது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுவதை விட்டுவிடுவேன், நானும் தொடமாட்டேன் என்பது அவளுடையது. அதற்குப் பிறகுதான் இந்திராநகர் ரெஸ்டாரன்ட் வேலை வந்தது. ஒயினை நன்றாக அறிந்த ஆள் என்று யாரோ சொல்ல, முதலாளி ப்ரஹ்லாத் அவனைக் கூப்பிட்டு, ஒயின் அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். வாயில் வைத்துப் பார்க்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. டிரேவர் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டான். விழுங்காத வரைக்கும் பொருத்தனை மீறியதாகாது என்று அவர் சொல்லிவிட்டார். ஃபாதர் ரொம்பத் தாராளம் என்பது பவுலினின் எண்ணம். அவருக்குப் பெண்சாதி இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

துண்டைப் பிரித்தான். உள்ளே இருந்தது பிரான்ஸிலிருந்து வந்த ஷார்டனே. வெள்ளை ஒயின்தான், ஆனால் பத்து வருடத்துக்கு மேல் கிடந்து, வெள்ளை என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, காய்ச்சி இறக்கிய புது நெய்போல இருந்தது. கால் பாகம் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. தக்கைக்குப் பதிலாக ரப்பர் மூடி.

அடுத்த மாதம் ரெஸ்டாரன்டில் ஒரு விருந்து. பழைய ஷார்டனேயும் ஊரின் பழைய கண்டோன்மென்ட் பகுதி வீட்டுச் சாப்பாடும் என்பது ப்ரஹ்லாதின் யோசனை. கண்டோன்மென்ட் வீட்டுச் சாப்பாடு என்றால் என் வீட்டிலேயே வந்து சாப்பிட்டுப் பாருங்கள் சார் என்று டிரேவர் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளியும் சமையல் தலைவி வீணாவும் வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் எந்தப் பதார்த்தம் சேரும், எது சேராது என்று பார்த்து வைக்கவேண்டும். அதற்காகத்தான் பாட்டில் வீட்டுக்கு வந்தது.

பவுலின் காலையிலிருந்து சமைத்து வைத்திருந்தாள். வினிகர் மசாலா தடவிய மீன் வறுவல், கைமா உருண்டைக் குழம்பு, மஞ்சள் தேங்காய்ப்பால் சோறு, மிளகு மட்டும் போட்ட கோழி ஸ்டூ. டிரேவர் ஒவ்வொன்றாக ஒரு வாய் மென்றான். ஒயினை ஒரு மடக்கு எடுத்து, கன்னம் இரண்டும் அசைய வாய்க்குள் உருட்டி, ஸ்டீல் சொம்பில் துப்பினான். பவுலின் பக்கத்திலேயே நின்றாள். ஊற்றினது எவ்வளவு, துப்பினது எவ்வளவு என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். எச்சிலும் சேர்வதால் கணக்கு நிற்கவில்லை.

"மீன் வேணாம்," என்றான். "வினிகர் ஒயினைக் கொன்னுடுது. உருண்டைக் கொழம்பும் வேணாம், காரம் ஏறினா இதுல ஒண்ணியும் தெரியல. இந்தச் சோறும் ஸ்டூவும் இருக்குதே, அடடா! தேங்காய்ப்பாலும் இதுவும் கூடப் பொறந்ததுங்க மாதிரி."

"நல்லாத்தான் ரசிக்கிறீங்க."

"ரசிக்கறதுக்குத்தான் சம்பளம்."

"விழுங்காம எப்படிங்க ரசிக்க முடியும்?"

அவன் சொம்பைக் கழுவினான். மூடியை அழுத்தி, பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மாலை டூட்டிக்குக் கிளம்பினான்.

பவுலின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கல்யாணமாகிப் போன மகள் ஐரின் அலமாரியில் விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துவந்து, லேபிளுக்குப் பின்பக்கம், ஒயின் நிற்கிற மட்டத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தாள். அந்தத் தெருவில் இது புதிய வேலையில்லை. பாட்டில் இருக்கிற வீடுகளில் பெண்கள் கோடு போடுவார்கள். ஆண்கள் குடித்துவிட்டுக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். டிரேவர் ரம்முக்கு டீ டிகாக்ஷன்கூட ஊற்றியிருக்கிறான். ஆகவே கோட்டை மட்டும் நம்ப முடியாது என்று பவுலினுக்குத் தெரியும். தண்ணீர் கலந்தால் தெரிய வேண்டும் என்றால், கலக்காதபோது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கோடு காய்வதற்கு முன்பே அவள் இதை யோசித்துவிட்டாள். ஒரு தேக்கரண்டி அளவு டம்ளரில் ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாள். சில்லென்று இருந்தது. எலுமிச்சைத் தோலின் வாசனை, கொஞ்சம் புளிப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தாள். கோடு ஒரு மயிரிழை மேலே நின்றது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்புகிற நேரம். டிரேவர் குளித்துக்கொண்டிருந்தான். பவுலின் சேலைக்குக் கொசுவம் வைத்தபடி சமையலறைக்கு வந்தாள். பாட்டில் ஃப்ரிட்ஜில் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் நின்றது. கண்ணாடியில் வேர்த்திருந்த ஈரம்கூடக் காய்ந்துபோயிருந்தது. வெளியே வந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

மதியம் வருகிறவர்களுக்கு விடிவதற்கு முன் எதற்கு வெளியே எடுத்தான்?

குனிந்து கோட்டைப் பார்த்தாள். மட்டம் நேற்று அவள் விட்ட இடத்தில் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவளைக் கலக்கியது. அவன் திருட்டு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள்.

நேற்றுக் குடித்தது இது இல்லை. எலுமிச்சை எங்கோ பின்னால் போய்விட்டது. முன்னால் வந்து நின்றது வேறு ஏதோ. வறுத்த முந்திரிபோல, மழைக்குப் பிறகு முளைக்கிற காளான்போல, தேன்போல. ஒரே ராத்திரியில் ஒரு பாட்டில் தன்பாட்டுக்கு இப்படி மாறுமா? எதையோ எடுத்தான், எதையோ ஊற்றினான். சந்தேகம் தீர இன்னும் ஒரு வாய் குடித்தாள். சந்தேகம் தீரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. பாட்டிலைப் பார்த்தாள். ஒயின் கோட்டுக்குக் கீழே, நன்றாகவே கீழே, போயிருந்தது. இதை இப்போது அவன் பார்த்தால் பேச்சே முடிந்துவிடும். யாரைக் கேள்வி கேட்க வந்தாய் என்பான். கேனிலிருந்து டம்ளரில் தண்ணீர் பிடித்து, கோடு வரைக்கும் ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தினாள். இந்த வேலையைப் பல வருடம் தள்ளி நின்று பார்த்த கை அது.

பூசையில் நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தார்கள். அதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் பட்டிருக்கக் கூடாது. தவிர, பொருத்தனையை முறித்த வாயோடு எப்படிப் போவது? பவுலின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். டிரேவர் கைகூப்பியபடி திரும்பி வந்து, உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான்.

"நன்மை வாங்கப் போகல?"

"முட்டி வலிங்க."

முழங்காலில் நின்றுகொண்டே அவன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அந்தப் பெஞ்சில் முதல் தடவையாகச் சந்தேகம் அவன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் வந்தது.

மதியம் ப்ரஹ்லாதும் வீணாவும் வந்தார்கள். ப்ரஹ்லாத் நாற்பது வயதுக்காரர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிற பழக்கமுள்ளவர். வீணா நீலசந்திராவில் வளர்ந்தவள். உள்ளே நுழையும்போதே, "ஆண்ட்டி, வாசனை கேட் வரைக்கும் வந்து கையப் புடிச்சு இழுக்குது!" என்றாள். மஞ்சள் சோற்றில் முந்திரியைத் தேடி எடுத்து முதலில் அதைத் தின்றாள்.

டிரேவர் ரெஸ்டாரன்டிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடிக் கோப்பைகளில் ஒயினை ஊற்றினான். ப்ரஹ்லாத் முகர்ந்தார், தலையாட்டினார். ஒரு மடக்குக் குடித்தார். தலை நின்றது.

"வீணா, நீ பாரு."

வீணா குடித்தாள். ஸ்டூவை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்தாள். "மூக்குல இருக்குது சார். நாக்குல இல்ல."

"நேத்து இது இப்படி இல்லவே இல்ல, ஹௌதல்லா, சரிதானே?"

"நேத்து வேற. பழசு சார், தொறந்தா ஒரே நாள்ல கெட்டுச் சாஞ்சிடறதும் உண்டு. ஆனா சாஞ்சா மொதல்ல வாசனை போவும். இதுல வாசனை அப்படியே நிக்குது, உள்ளதான் காலியா இருக்குது."

பவுலின் தட்டுகளை அடுக்குவதுபோல நின்றாள். "ஏம்மா, இது ராத்திரிக்கு ஒரு மாதிரி, காலையில ஒரு மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா இருக்கும் ஆண்ட்டி. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே ஊமையா இருக்கும். வெளிய வெச்சு, சூடு கொஞ்சம் ஏறினாத்தான் முந்திரி, தேன் எல்லாம் வெளிய வரும். அதனாலதான் காலையிலியே வெளிய எடுத்து வைங்கன்னு அண்ணங்கிட்ட நான் சொல்லி அனுப்பிச்சேன்."

பவுலின் கையிலிருந்த தட்டு மேசையில் சத்தம் போட்டது.

டிரேவர் ஒரு மடக்கு எடுத்து, உருட்டி, சொம்பில் துப்பினான். முகம் மாறியது. இந்த ருசியை அந்த அறையில் அவனளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. அவனே எத்தனையோ பாட்டிலில் உண்டாக்கிய ருசி அது. அவன் வாயைத் திறப்பதற்குள் ப்ரஹ்லாத் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிவிட்டார்.

"இது என்னா?"

ப்ரஹ்லாத் கோட்டை நகத்தால் சுரண்டினார். சிவப்பாகத் துகள் உதிர்ந்தது.

"எங்கம்மா பேனாவால போடுவாங்க," என்றார். குரலில் கோபமில்லை. "அப்பா அழிச்சிட்டுக் கீழே புதுசா ஒண்ணு போடுவாரு. அப்பறம் அம்மா சாக்பீஸுக்கு மாறினாங்க. டிரேவர், ராத்திரி பூரா பாட்டில் இங்கதானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"நீங்க தொட்டீங்களா?"

"வெளிய எடுத்து வெச்சேன். அவ்ளோதான். நான் குடிக்கல சார்."

அவன் உண்மையைத்தான் சொன்னான். ஆனால் குடித்த காலத்தில் சொன்ன அதே குரலில், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். உண்மைக்கென்று தனிக் குரல் எதையும் அவன் வைத்திருக்கவில்லை.

"நான்தான் சார் குடிச்சேன்," என்றாள் பவுலின்.

மூவரும் திரும்பினார்கள்.

"இவர் மேல சந்தேகப்பட்டு, தண்ணி கலந்தாரான்னு பார்க்கறதுக்காகக் குடிச்சேன். கொறஞ்சு போச்சு. நான்தான் தண்ணி ஊத்தினேன். கோடு நான் போட்டது. எல்லாம் நான். இவர் ஒண்ணியும் பண்ணல."

ப்ரஹ்லாத் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

"எங்கம்மாவும் இதேதான் சொன்னாங்க மேடம். எங்க மாமா வந்து கேட்டப்ப. மருந்துக்கு எடுத்தேன், கைதவறிக் கொட்டிட்டேன், நான்தான், நான்தான்னு."

"நான் பொய் சொல்லல சார்!"

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

"குழந்தை இயேசு மேல சத்தியம் சார். வேணும்னா கோயிலுக்கு வாங்க, சுரூபத்துக்கு முன்னாடி நின்னு சொல்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம் மேடம், ப்ளீஸ். சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குது. விருந்து நடக்கும். ஸ்டூவும் சோறும் கண்டிப்பா இருக்கும்." ப்ரஹ்லாத் டிரேவர் பக்கம் திரும்பினார். "சாவிய வீணாகிட்ட குடுத்துடுங்க. உங்கள வேலையவிட்டு அனுப்பல. ஃப்ளோர்ல சர்வீஸ் பார்த்துட்டு இருங்க. அந்த ரூம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டிரேவர் இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினான். வளையம் புதிது. நகம் உள்ளே போகாமல் கொஞ்சம் தடுமாறினான். வீணா அதை வாங்காமல், மேசைமேல் வைக்கட்டும் என்று காத்திருந்தாள்.

போகும்போது வீணா கேட் வரைக்கும் பவுலினோடு நடந்தாள். ப்ரஹ்லாத் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆண்ட்டி, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அண்ணன்தானே?"

"நான்தான்மா."

"எங்க சந்துல பாதி வீடு இப்படித்தான் ஆண்ட்டி. எங்கிட்ட நீங்க வெக்கப்பட வேணாம்."

"வெக்கமில்லம்மா. சொன்னா நம்பு. நான் குடிச்சேன், நானே ஊத்தினேன்."

வீணா அவள் கையை எடுத்து இறுக்கிப் பிடித்தாள். பொய் சொல்கிற ஒருத்தியைத் தேற்றுகிற பிடி. "எதுன்னாலும் போன் பண்ணுங்க," என்று காரில் ஏறினாள்.

பவுலின் உள்ளே வந்தாள். டிரேவர் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க நம்பலங்க."

"எப்படி நம்புவாங்க? எத்தனை தரம் எனக்காக ஹோட்டலுக்கு போன் பண்ணி, காய்ச்சல், வாந்தின்னு சொல்லியிருக்கே? அத்தனையும் நம்பினாங்க." ஒரு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நீ நன்மை வாங்கப் போகாதப்பவே எனக்கு உறுத்திச்சு. எதையோ மறைக்கறேன்னு தெரிஞ்சுது. இத நெனைக்கல."

"நாளைக்கு நானே ரெஸ்டாரன்டுக்கு வர்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"வந்து சொல்லு. இன்னும் பாவப்படுவாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் பாட்டில் அப்படியே இருந்தது. ப்ரஹ்லாத் சுரண்டிய இடத்தில் கோடு பாதி போயிருந்தது.

"நெசமாவே வெளிய எடுத்து மட்டும்தான் வெச்சீங்களா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினான். இவ்வளவு நடந்த பிறகுமா என்று கேட்பான் என எதிர்பார்த்தாள். கேட்கவில்லை.

"அவ்ளோதான். நீ எவ்ளோ குடிச்சே?"

"நேத்து துளியூண்டு. காலையில ரெண்டு வாய்."

"ரெண்டு வாய் கொறஞ்சதுக்கு இவ்ளோ தண்ணி போகாது பவுலின்."

அவன் குரல் உயரவில்லை. தட்டைக் கழுவும்போது, துணி மடிக்கும்போது இதே மாதிரிதான் அவளும் அவனைக் கேட்டிருக்கிறாள். பவுலின் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"இன்னொரு தரம் ஊத்தினேன். நெறைய. அது பார்க்கறதுக்காக இல்ல."

"பின்ன?"

"நல்லா இருந்துச்சுங்க."

டிரேவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தான். மூன்று வருடமாக அவன் வாய்க்குள் வருவதெல்லாம் பாதி வழியில் திரும்பிவிடுகிறது.

"விழுங்கினப்பறம் எப்படி இருந்துச்சு?"

"சொல்லத் தெரியலங்க."

"தெரிஞ்சதச் சொல்லு."

"உள்ள போயி... நெய்யில வறுத்த முந்திரி மாதிரி. தொண்டைக்குள்ள எறங்கின பிற்பாடும் போகவேயில்ல. அங்கியே நின்னுச்சு. அப்பறம் மெதுவா ஒரு சூடு, இங்க, நெஞ்சுக்கு நடுவுல..."

அவன் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். தொண்டைக்குழி ஒருமுறை மேலேறி இறங்கியது.

பவுலின் பேச்சை நிறுத்தினாள். எழுந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். அது போய் முடிகிற வரைக்கும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் பாட்டிலைப் பார்க்கிறானா, தன்னைப் பார்க்கிறானா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.